சீட்டில் ‘கூலி’ என்றிருந்தது: மேலூர்ப் பக்கத்துப் பாறை டிரில்லர் ஒருவரின் தோல் இறுக்க நோய்

ஓ.பி. சீட்டில் ஆண், வயது 47, மேலூர் வட்டம், தொழில்: கூலி என்று இருந்தது. கூடவே ஒரு மஞ்சப்பை. அதற்குள் முன்பு பார்த்த நான்கு இடங்களின் சீட்டுகள். மூன்றில் அதே ‘கூலி’. ஒன்றில் தொழில் என்ற இடமே காலி.

2022 மார்கழி, திங்கட்கிழமை. திங்கள் என்றால் எங்கள் ஓ.பி.யில் நிற்க இடம் கிடைக்காது. மனைவி முன்னால் வந்து பையை மேஜையில் வைத்தார். அவருக்குப் பின்னால், இரண்டு கைகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு கணவர் நின்றார்.

“விரல் வெளுத்துப் போகுது டாக்டரம்மா. மூச்சும் வாங்குது. மாடிப்படி ஏறி வர்றதுக்குள்ள நாலு தடவ உக்காந்துட்டேன்.”

(இதை எழுத இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் சம்பந்தப்பட்ட எதையும் மாற்றவில்லை.)

வந்த வழி

மூன்று வருடங்களுக்கு முன் விரலில்தான் தொடங்கியிருக்கிறது. காலையில் பழைய சோற்றுப் பானைக்குள் கையை விட்டால் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் நீலம் பாரிக்கும். கையைத் தேய்த்துச் சூடாக்கினால் சிவந்து, ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும். ரேனோ என்று இதைச் சொல்கிறோம்: குளிர் பட்டதும் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் அளவுக்கு மேல் சுருங்கிவிடுவது. பாடப்புத்தகத்தில் பனிக்காலம், கையுறை என்று எழுதியிருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு மதுரையில் “குளிரில் விரல் வெளுக்குமா?” என்று கேட்டால், “இங்க ஏது டாக்டர் குளிரு?” என்றுதான் பதில் வரும். பானைத் தண்ணீர், மார்கழிக் குளியல், ஏ.சி. பஸ், ஜிகர்தண்டா கிளாஸைப் பிடிக்கும்போது என்ன ஆகிறது என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

பதினான்கு மாதங்களுக்கு முன் விரல்கள் வீங்கின. கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து வெட்டித்தான் எடுத்தார்கள். பிறகு வீக்கம் வற்றியது, தோல் இறுகத் தொடங்கியது. விரலில் ஆரம்பித்து மணிக்கட்டு, முன்கை, அப்புறம் முகம், நெஞ்சு. ஒன்பது கிலோ எடை போயிருந்தது. சோறு நெஞ்சுக்குள் நிற்கிறது, ராத்திரி படுத்தால் புளிச்ச தண்ணி மேலே வருகிறது என்றார்.

முதலில் பார்த்த இடத்தில் தொழுநோயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சோதித்துப் பார்த்து இல்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாவது இடத்தில் வாதம் என்று சொல்லி ஊசியும் ஸ்டீராய்டு மாத்திரையும். மூன்றாவது இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, மேல் நுரையீரலில் புள்ளிகள் இருக்கிறது என்று ஆறு மாதக் காசநோய் மருந்து. சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் கொடுத்திருக்கிறார்கள். நான்காவது இடத்தில் கேஸ் டிரபிள்.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மேல் நுரையீரலில் புள்ளி என்றால் நானும் முதலில் காசநோயைத்தான் நினைப்பேன், நினைக்காவிட்டால்தான் தப்பு. சங்கடம் என்னவென்றால், நான்கு பேரும் நான்கு துண்டுகளைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். துண்டுகளை ஒட்டவைக்கும் தகவல் மட்டும் எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

கை

துண்டை எடுக்கச் சொன்னேன். பத்து விரல்களும் பாதி மடங்கியபடி நின்றன. தோல் பளபளவென்று, பாலீஷ் போட்ட மாதிரி. விரலின் முதுகுப் பக்கத் தோலை இரு விரலால் கிள்ளிப் பார்த்தேன், மடிப்பு எழவில்லை. விரல் கணுக்களின் மேலிருக்கும் சுருக்கங்கள் காணோம். வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சின்னக் குழி, அதற்குப் பக்கத்து விரலில் ஆறாத புண். கும்பிடச் சொன்னால் உள்ளங்கைகள் ஒட்டவில்லை, நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம்போல இடைவெளி.

“சோத்தப் பிசைய முடியல. ஸ்பூன்ல சாப்பிடச் சொல்றா இவ.”

வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே 29 மில்லிமீட்டர். இட்லியை எட்டாகப் பிய்த்துத்தான் வாயில் வைக்க முடிகிறது. உதட்டைச் சுற்றிச் சுருக்குப்பை இழுத்த மாதிரி கோடுகள். மூக்கு கூர்ந்திருந்தது. மனைவி தன் போனில் ஐந்து வருடத்துக்கு முந்தைய திருவிழாப் படம் ஒன்றைக் காட்டினார். அண்ணன் தம்பி என்று சொன்னால் நம்பலாம், ஒரே ஆள் என்று நம்புவது கடினம்.

அடுத்து நகக்கண். மோதிர விரல் நகத்தின் அடியில், தோல் முடியும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். ஆரோக்கியமான விரலில் நுண்குழாய்கள் கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியது போல இருக்கும். இவருக்கு வரிசையே குலைந்திருந்தது. சில வளையங்கள் மண்புழு போலப் பருத்திருந்தன, ஓரிரு இடத்தில் கடுகளவு ரத்தக் கசிவு, இடையில் குழாயே இல்லாத வெற்றிடம். இருபது ரூபாய் எண்ணெய்ப் பாக்கெட்டில் மிச்சம் இருந்த அந்த ஒரு சொட்டும் இரண்டு நிமிடமும் போதும், பாதி நோய் கண்முன் தெரிந்துவிடும். பயிற்சி மருத்துவர்கள் நான்கு பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னேன்.

முதுகில் ஸ்டெத்தை வைத்தால் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும், மூச்சை இழுத்து முடிக்கும் நேரத்தில், செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கும் சத்தம். ரத்த அழுத்தம் 118/76. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேலைக் கதை

“என்ன வேலைண்ணே பாக்குறீங்க?”

“கூலிதான்மா.”

“என்ன கூலி?”

“கல்லு வேலை.”

“கல்லுல என்ன வேலை?”

“டிரில்லு.”

இந்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். வெளியே கூட்டம் முனகியது. அடுத்த இருபது நிமிடத்தில் கேட்டதுதான் இந்தக் கேஸின் உயிர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதினாறு வயதில், 1991இல், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரியில் சேர்ந்திருக்கிறார். முதல் வருடம் தண்ணீர் தூக்கும் பையன். அப்புறம் ஜாக்ஹேமர். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றில் இயங்கும் துளைப்பான் அது. பாறையின் மேல் கோடு கிழித்து, ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் வரிசையாகத் துளை போட வேண்டும். துளைகளில் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டினால் கல் அந்தக் கோட்டிலேயே பிளந்து வரும். வெடி வைத்தால் கல்லில் கீறல் விழுந்து விலை போய்விடும். எனவே துளைதான் எல்லாம்.

துளை ஆழமாகப் போகப் போக, உள்ளே அரைபட்ட கல் மாவு காற்றின் வேகத்தில் மேலே பீறிட்டு வரும். டிரில் பிடிப்பவர் அதற்கு நேர் மேலே குனிந்து நிற்கிறார்.

“மூக்கச் சிந்துனா வெள்ளையா வரும். கண் இமையெல்லாம் வெள்ளை. சாயங்காலம் வீட்டுக்குப் போனா எங்க அப்பத்தா, ‘வந்துட்டான்டா கிழவன்’னு சிரிக்கும்.”

தண்ணீர் விட்டு ஓட்டவில்லையா என்று கேட்டேன். “ஓட்டலாம்மா. சேறா மேல தெறிக்கும், வேல வெரசா ஆகாது. எங்களுக்கு அடிக்கணக்குல கூலி.” எத்தனை அடி துளை போட்டார் என்பதற்குத்தான் பணம். தூசியை அடக்கும் தண்ணீர் அவருடைய வருமானத்தையும் சேர்த்து அடக்கியது. மூக்குக்கு? தலையில் கட்டும் துண்டைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார். மாஸ்க் யாரும் கொடுத்ததாக நினைவில்லை என்றார்.

2012இல் மேலூர் வட்டாரக் குவாரிகள் நின்றன. பிறகு இரண்டு வருடம் ஜல்லிக் கிரஷரில். அதன்பின் வீடுகளுக்கு அடுப்படிக் கிரானைட் பதிக்கும் வேலை. அதில் கையில் பிடிக்கும் கட்டிங் மிஷினால், மூடிய அறைக்குள், காய்ந்த கல்லை வெட்டியிருக்கிறார். திறந்தவெளிக் குவாரியைவிட இந்த எட்டு வருடம் மோசமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். சிங்க் வைக்கச் சதுர ஓட்டை போடும்போது எதிரே நிற்பவர் முகம் தெரியாது என்றார். ஆக மொத்தம் 31 வருடம். கூடவே ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி.

கல்லிலும் ரகம் இருக்கிறது. வியாபாரத்தில் கிரானைட் என்று விற்பதெல்லாம் புவியியலில் கிரானைட் இல்லை. குவார்ட்ஸ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். ஓங்கோல் பக்கம் எடுக்கும், பொன் புள்ளி மின்னும் கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. மேலூர்ப் பக்கத்து வெள்ளைக் கல் அப்படி இல்லை. சிவப்புக் கார்னெட் புள்ளிகளோடு ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் உலகமெல்லாம் போனதே, அது இந்த வட்டாரக் கல்தான். காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதில் குவார்ட்ஸ் தாராளம். குவார்ட்ஸ் என்பது படிகச் சிலிக்கா.

சோதனைகள்

எக்ஸ்ரேயில் மேல் பகுதிகளில் சிறு சிறு உருண்டைப் புள்ளிகள். சி.டி.யில் கதை இரண்டு மாடியாகப் பிரிந்தது. மேல் மாடியில் இரண்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரையான முடிச்சுகள், நடு மார்பில் ஓரம் மட்டும் சுண்ணாம்பு படிந்து முட்டை ஓடு போலத் தெரிந்த நிணநீர்க் கணுக்கள். இது சிலிக்கோசிஸின், அதாவது கல் தூசி படிந்து நுரையீரலில் வரும் தழும்பு நோயின் கையெழுத்து. கீழ் மாடியில் வேறு படம்: கண்ணாடியில் ஆவி படிந்தது போன்ற மங்கல், வலைப்பின்னல், இழுபட்டு அகன்ற மூச்சுக்குழல்கள். சிலிக்கோசிஸ் மட்டும் இருந்தால் அடிப்பகுதி இப்படி இருக்காது. தோல் இறுக்க நோய் நுரையீரலைப் பிடிக்கும்போது வரும் தழும்பு இது.

மூச்சுச் சோதனையில் எஃப்.வி.சி. (முழுதாக இழுத்து ஒரே மூச்சில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு), எதிர்பார்க்க வேண்டியதில் 62 சதவீதம். வாயுப் பரிமாற்ற அளவு 47 சதவீதம். ஆறு நிமிட நடையில் 340 மீட்டர். ஆக்சிஜன் 97இல் தொடங்கி 89க்கு இறங்கியது. எக்கோவில் நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியதற்கு அடையாளம் இல்லை. சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் 0.9. ஏ.என்.ஏ., அதாவது சொந்த செல்களின் உட்கருவுக்கே எதிரான ஆன்டிபாடி, வலுவாக பாசிட்டிவ். எஸ்சிஎல்-70 என்கிற, டோபோஐசோமரேஸ் என்ற செல் உட்கரு நொதிக்கு எதிரான ஆன்டிபாடியும் வலுவாக பாசிட்டிவ். தோல் இறுக்கத்தை உடலில் 17 இடங்களில் கிள்ளிப் பார்த்து, இடத்துக்குப் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவோம். 51க்கு இவருக்கு 27.

சளியை மூன்று முறை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கு அனுப்பினோம். கிருமி இல்லை. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் போட்டோம்.

வேறு எதுவாக இருக்கலாம்

ஜாக்ஹேமர் பிடித்தவருக்கு விரல் வெளுத்தால் முதலில் அதிர்வு நோயை நினைக்க வேண்டும். அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடித்தால் விரல் ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போய் ரேனோ வரும். ஆனால் அதில் தோல் இப்படி இறுகாது, நகக்கண் வளையங்கள் இப்படிக் குலையாது, ஏ.என்.ஏ. இப்படி வராது. இவருக்கு அதிர்வும் கொஞ்சம் பங்களித்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஒரு கைக்கு ஒரு நோய்தான் வர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

தொழுநோயை எங்கள் ஊரில் எப்போதும் ஒதுக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இவருக்கு உணர்ச்சி சரியாக இருந்தது, முழங்கை நரம்பு தடிக்கவில்லை, உணர்ச்சியற்ற தேமல் எதுவும் இல்லை. நீண்டகால சர்க்கரை நோயிலும் விரல் விறைத்துக் கும்பிட முடியாமல் போகும். இவருக்குச் சர்க்கரை இல்லை.

2013இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் ஒன்பது புள்ளி வந்தால் சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ், அதாவது ஸ்க்லெரோடெர்மா என்றும் சொல்லும் இந்தத் தோல் இறுக்க நோய். இரண்டு கை விரல்களிலும் இறுக்கம் விரல் தொடங்கும் கணுவைத் தாண்டி ஏறினாலே ஒன்பதும் கிடைத்துவிடும். மற்றதெல்லாம் உபரி. ஆக நோயின் பெயரில் சந்தேகமே இல்லை. நான் யோசித்தது வேறொன்றை: இது பெரும்பாலும் பெண்களுக்கு வரும் நோய். ஒரு ஆணுக்கு, அதுவும் இவ்வளவு பரவலாக, எஸ்சிஎல்-70யோடு வந்தால் வேலையைக் கேட்காமல் விடக்கூடாது.

கல்லுக்கும் தோலுக்கும் என்ன உறவு

எடின்பரோவில் பைரம் பிராம்வெல் என்ற மருத்துவர் 1914இல் தோல் இறுக்க நோயாளிகள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அதில் ஐந்து பேர் கல்தச்சர்கள். 1957இல் எராஸ்மஸ் என்பவர் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் இதே நோயைக் கண்டு எழுதினார். சிலிக்கா தூசியும் ஸ்க்லெரோடெர்மாவும் சேர்ந்து வருவதை அவர் பெயராலேயே எராஸ்மஸ் சிண்ட்ரோம் என்கிறோம். சிலிக்கோசிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பெயர் பொருந்தும். இதற்கு நான்கு வருடம் முன்பு, 1953இல், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கக்காரர்களிடம் மூட்டுவாதமும் நுரையீரல் முடிச்சுகளும் சேர்ந்து வருவதைக் கேப்லன் விவரித்திருந்தார். பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிலிக்கா தூசியில் வேலை செய்த ஆண்களுக்கு ஸ்க்லெரோடெர்மா வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரிந்தது.

மதுரையின் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது, தெரியுமா? மதுரா ஃபுட். 1842இல் இங்கே கில் என்ற மருத்துவர் விவரித்தது. வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் காலில் முள் குத்தி, மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போய், பாதம் வீங்கிப் புரையோடும். அதுவும் ஒருவகையில் தொழில் நோய்தான். அப்போது மண் காலால் ஏறியது, இவருக்குக் கல் மூக்கால் ஏறியிருக்கிறது.

தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் காற்றுப்பைவரை போவது ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த தூசி. கண்ணுக்குத் தெரியாது, துண்டின் நெசவு அதற்குச் சல்லடை இல்லை, வாசல். அமெரிக்காவில் இந்தச் சிலிக்கா தூசிக்கு 2016 முதல் எட்டு மணி நேர வேலைக்கான சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பைப் பல ஆயிரம் பாகமாக்கி அதில் ஒரு சில பாகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே போன துகளைக் காற்றுப்பையின் காவல் செல் விழுங்கும். அரைக்க முடியாது, கல் அல்லவா? துகள் அந்தச் செல்லின் உள்ளறையைக் கிழிக்கும். செல் அபாயச் சங்கு ஊதி, இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற வேதிப்பொருள்களை வெளியே கொட்டிச் சாகும். துகள் மட்டும் அப்படியே இருக்கும், அடுத்த செல் வந்து விழுங்கும். இப்படி ஆண்டுக்கணக்கில். புதிதாக உடைந்த கல்லின் முகம் பழைய தூசியைவிட வீரியமானது. டிரில்லிலிருந்து வருவதெல்லாம் புதிதாக உடைந்ததுதான். ஒரு பக்கம் தழும்பு போடும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. இன்னொரு பக்கம், செத்த செல்களின் உட்கருப் பொருள்கள் எந்நேரமும் வெளியே சிதறிக் கிடக்கின்றன. தடுப்பூசி நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அதில் அலுமினிய உப்பு சேர்ப்பார்கள், நோய் எதிர்ப்பு அமைப்பை உசுப்பிவிடுவதற்காக. சிலிக்காவும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் உசுப்பிவிடுவது சொந்த உட்கருவுக்கு எதிராக. எஸ்சிஎல்-70 அதன் ஒரு தடம் என்று கருதப்படுகிறது. தூசி நுரையீரலில் உட்கார்ந்திருக்கிறது, ஆன்டிபாடியும் அழற்சியும் ரத்தத்தில் ஓடி விரல் நுனிவரை போகின்றன.

மருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

உடனே மைகோஃபீனோலேட் தொடங்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் சிலிக்கா தின்ற நுரையீரலில் காசநோய் எளிதாகக் குடியேறும். எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் இந்த மருந்தைக் கொடுத்த பிறகு அது தலைதூக்கினால் ஆள் தாங்கமாட்டார். கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் காத்திருந்தோம். அந்த ஆறு வாரத்தில் அவர் இன்னும் கொஞ்சம் மெலிந்தார். முடிவு நெகட்டிவ். 500 மில்லிகிராம் இரண்டு வேளையில் தொடங்கி, ரத்த அணுக்களைப் பார்த்துக்கொண்டே நாளுக்கு 2 கிராமுக்கு ஏற்றினோம்.

விரல் ரத்தக்குழாய்கள் விரிய நிஃபெடிபைன். நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். காலை எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டும் பயிற்சி. பீடியை நிறுத்த மூன்று மாதம் பிடித்தது. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள். கல் வேலை அன்றோடு நின்றது. நின்றதால் நுரையீரலில் ஏற்கெனவே படிந்தது போய்விடாது, சிலிக்கோசிஸ் தன் வழியில் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். இதை அவரிடம் மறைக்கவில்லை.

ஸ்டீராய்டு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொல்லியிருந்தோம். பரவலான தோல் இறுக்க நோயின் ஆரம்ப ஆண்டுகளில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரக நெருக்கடி வரும் ஆபத்து கூடும். ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, சில நாளில் சிறுநீரகம் படுத்துவிடும். அதனால் வீட்டில் ஒரு பி.பி. மிஷின் வாங்கிவைத்து, தினமும் பார்த்து நோட்டில் எழுதச் சொன்னோம். எழுதியது மகள், பன்னிரண்டாம் வகுப்பு.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன்.

“மேடம், அப்பாக்கு 158, கீழ 98. ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

118/76 என்றிருந்தவர். உடனே வரச் சொன்னேன். கிரியாட்டினின் 1.2. ரத்தப் படலத்தில் உடைந்த சிவப்பணுக்கள் இல்லை, தட்டணுக்கள் சரியாக இருந்தன. இரவே அழுத்தத்தை இறக்கும் கேப்டோப்ரில் தொடங்கினோம். தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டபோதுதான் மனைவி மெதுவாகச் சொன்னார்: மூட்டு வலி பொறுக்காமல் பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் அதே மாத்திரையை மறுபடி வாங்கித் தின்றிருக்கிறார், நாளுக்கு நான்கு, மூன்று வாரமாக. நாங்கள் செய்த தவறும் இதில் இருக்கிறது. நிறுத்துங்கள் என்று சொன்னோம், அந்த மாத்திரை என்ன நிறம், எந்த அட்டை என்று கையில் எடுத்துக் காட்டவில்லை. பழைய சீட்டையும் பையிலேயே விட்டிருந்தோம்.

ஐந்து நாளில் அழுத்தம் இறங்கியது. கிரியாட்டினின் 0.9க்குத் திரும்பியது. ஸ்டீராய்டை இந்த முறை கண்முன் வைத்துக் குறைத்தோம். அந்தப் பெண் நோட்டில் எழுதாமல் விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

காகிதம்

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் முதல் வரியாக எதை எழுதுவது என்று ஜூனியர் டாக்டரும் நானும் கொஞ்சம் வாதாடினோம். ஸ்க்லெரோடெர்மாதான் முதல் நோய், ஆளை முடக்கியது அதுதானே என்றார் ஜூனியர். மருத்துவப்படி சரி. ஆனால் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது சிலிக்கோசிஸ். ஸ்க்லெரோடெர்மா அதில் கிடையாது. தோல் இறுகியதற்குச் சட்டத்தில் கணக்கு இல்லை, நுரையீரல் முடிச்சுக்கு இருந்தது. எனவே ‘படிகச் சிலிக்கா தூசியில் 31 ஆண்டு; சிலிக்கோசிஸ்; அதனுடன் சிஸ்டமிக் ஸ்க்லெரோசிஸ், எராஸ்மஸ் சிண்ட்ரோம்’ என்ற வரிசையில் எழுதினோம். சி.டி.யில் முட்டை ஓட்டுக் கணுக்கள் தெரிந்த விவரத்தையும் சேர்த்தோம்.

பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் பொறுப்பை அவர்களிடையே பங்கிட அந்தச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் முதலாளியிடம் வேலை செய்ததை முதலில் நிரூபிக்க வேண்டும். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. சம்பளச் சீட்டு என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. அடிக்கணக்குக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையிலிருந்து வந்தது. கிரானைட் பதித்த வீடுகளுக்கோ முதலாளி என்று யாரைக் காட்டுவது? கூட வேலை பார்த்த இரண்டு பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனு போயிருக்கிறது. நான் இதை எழுதும் நாள்வரை பதில் இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை கிடைத்துவிட்டது. மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

மைகோஃபீனோலேட் தொடங்கி ஒரு வருடம் கழித்து எஃப்.வி.சி. 64 சதவீதம். கூடியது என்று சொல்லமாட்டேன், மிஷினின் ஏற்ற இறக்கமே அவ்வளவு இருக்கும். இறங்கவில்லை என்பதே பெரிய விஷயம். இறங்கியிருந்தால், நுரையீரல் தழும்பை மெதுவாக்கும் நின்டடானிப் சேர்ப்பதாக இருந்தோம். தோல் மதிப்பெண் 27இலிருந்து 18. விரல் புண் ஆறிவிட்டது, குழி இருக்கிறது. விரல்கள் முழுதாக நீளவில்லை. சோற்றைப் பிசைய முடிகிறது, ரசம் விட்டால் மட்டும் ஒழுகுகிறது என்று சிரித்தார். கன்னத் தோல் கொஞ்சம் இளகியிருப்பதால் இப்போது சிரிப்பு தெரிகிறது.

கடைசியாக வந்தபோது தன்னோடு இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். ஒருவர் பழைய குவாரிக் கூட்டாளி, இன்னொருவர் அக்கா மகன், வயது 26, அடுப்படி மேடை பதிக்கிறவர். “இவுகளையும் ஒரு தடவ பாத்துருங்க டாக்டரம்மா. இவன் இப்ப ஏதோ புதுசா குவார்ட்ஸ் கல்லுங்கிறான், அதத்தான் வெட்டுறான்.” பொடித்த குவார்ட்ஸைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்யும் அந்தப் பலகையில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் அதைத் தடை செய்துவிட்டது.

இருவரின் சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். கூலி, கூலி. அடித்துவிட்டு ஒன்றில் ‘பாறை டிரில், 19 ஆண்டு’ என்றும் மற்றதில் ‘குவார்ட்ஸ் பலகை வெட்டுதல், தண்ணீர் இல்லாமல், 5 ஆண்டு’ என்றும் எழுதினேன். கூட்டாளியின் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பையனுக்கு வலது மேல் பக்கத்தில் சில புள்ளிகள். சி.டி.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வருவான்.